முயல் தலை

சாம்பல் என்கிற அந்த நாய் முயலைக் கடித்துக் கொல்வதில்லை. கழுத்தைக் கவ்வி ஒரே ஒரு உதறு. அதில் முதுகெலும்பு விட்டுப்போகும். காய்ந்த பருத்திமார்க் குச்சியை ஒடித்தாற்போல் ஒரு சின்னச் சத்தம். அதன் பிறகு முயல் வெறும் கறி.

குருநாதன் அந்தச் சத்தத்துக்காக வரப்பில் காத்து நின்றான். பக்கத்தில் மகள் கோமதி. ஐந்து வயது. அப்பாவின் மப்ளரைத் தலையோடு சுற்றியிருந்தாள். சங்கரன்கோவிலில் வீடுகள் முடிந்து கரிசல் தொடங்கும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. கொத்துமல்லிச் செடி பூத்துக் கிடந்தது. பனி ஈரத்தில் அதன் வாசம் மூக்கில் ஏறியது. சோளத்தட்டைகளுக்கு நடுவே ஒரு பழுப்புக் கோடு ஓடியது. அதன் பின்னால் ஒரு சாம்பல் கோடு. இரண்டும் வளைந்தன, மறுபடி வளைந்தன, ஒன்றாயின. சத்தம் கேட்டது.

"பிடிச்சிட்டா," என்றாள் கோமதி.

சாம்பல் முயலைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டது. நீண்ட முகம், ஒட்டிய வயிறு, விலா எலும்பு தெரியும் உடம்பு. சிப்பிப்பாறை ஜாதி. வாயோரம் ரத்தம். கோமதி மப்ளர் நுனியால் அதைத் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தில் முயலைப் பின்னங்கால்களில் கட்டித் தொங்கவிட்டான். கணுக்காலைச் சுற்றிக் கத்தியால் ஒரு கீறல். பிறகு கத்தி வேண்டாம். குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல் இழுத்தால் தோல் கையோடு வந்துவிடும். ஈரலும் இதயமும் சாம்பலுக்கு. அது பிடித்த நாயின் பங்கு. கேட்டுக் குரைக்காது. எறிந்தால் காற்றிலேயே கவ்வும்.

எல்லாம் மனைவி முருகம்மாள் கற்றுக்கொடுத்தது. குருநாதன் வாசுதேவநல்லூர்க்காரன், குளத்துப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பம். பி.ஏ. முடித்து சங்கரன்கோவிலில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கிளார்க் ஆனான். கல்யாணம் ஆகும்வரை முயலைத் தொட்டதில்லை. அவளுக்கு இளையரசனேந்தல் பக்கம், வானம் பார்த்த பூமி. அங்கே பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் கூடவே ஒரு பெட்டை நாய்க்குட்டியும் கொடுத்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாமனார் செல்லச்சாமி ஒரு முயல் தலையைப் பச்சையாக, ரத்தத்தோடு, மாப்பிள்ளையின் கையில் வைத்தார். ஏதோ கிராமத்து விளையாட்டு என்று நினைத்தான். கை கழுவ ஓடினான். பெண்கள் சிரித்தார்கள்.

முதல் தடவை முயல் உரிக்கும்போது முருகம்மாள் சொன்னாள்: "அதைப் பாத்து முழிக்காதிய. செத்துப்போச்சு. இனிமே ஒண்ணும் கேக்காது."

இப்போது அவன் விறகடுப்பில் சமைத்தான். மஞ்சள் போட்டுக் கறியை அலசி வீச்சம் போக்கினான். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், ஒரு கை தேங்காய், எல்லாவற்றையும் அம்மியில் வைத்து அரைத்தான். நல்லெண்ணெய் காய்ந்ததும் கறி சட்டியில் விழுந்து சீறியது. வாசம் சுவர் தாண்டிப் போயிற்று. ருசி பார்க்கவில்லை. ருசி பார்ப்பதை அவன் விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது.

கோமதியை உட்காரவைத்தான். எதிரே சாம்பல் உட்கார்ந்தது. ஒரு வாய் கோமதிக்கு, ஒரு வாய் சாம்பலுக்கு. முருகம்மாள் ஊட்டிய முறை அது. எதிரே சாம்பல் இல்லாவிட்டால் கோமதி வாயைத் திறக்கமாட்டாள். ஒருநாள் நாய் எங்கோ ஓடிப்போய்ப் பொழுது சாயத்தான் திரும்பியது. அதுவரை பிள்ளை பட்டினி. அடித்தும் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உப்பு கம்மி," என்றாள் இப்போது.

"சாப்பிடு."

அந்த வீட்டில் ஸ்டவ் கிடையாது. முன்பு இருந்தது. விறகுப் புகையில் முருகம்மாளின் கண் சிவக்கிறதென்று குருநாதன்தான் வாங்கிவந்தான். பம்ப் அடிக்கிற பித்தளை ஸ்டவ். போன மாசியில் ஒருநாள் மத்தியானம் அது வெடித்தது. குருநாதன் ஆபீசில் இருந்தான். கோமதி அடுத்த வீட்டில், ஜுலைகா பீவியிடம் விளையாடிக்கொண்டிருந்தாள். பீவிதான் நனைந்த சாக்கோடு ஓடிவந்து அணைத்தது. முருகம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் மாலைவரை உயிர் இருந்தது. முகம் இல்லை, குரல் இருந்தது. "பிள்ளைக்குச் சோறு ஊட்டினியளா? சாம்பலப் பக்கத்துல வச்சுக்கிடுங்க." அவ்வளவுதான் பேசினாள்.

சுடுகாட்டில் அவள் அண்ணன் துரைப்பாண்டி செருப்பைக் கழற்றி எல்லோர் முன்னாலும் குருநாதனை அடித்தான். ஒரு கன்னம், மறு கன்னம், மறுபடி முதல் கன்னம். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். குருநாதன் கையைக்கூடத் தூக்கவில்லை. மரம்போல நின்றான்.

*

பொங்கலன்று துரைப்பாண்டி வந்தான். மற்ற வருஷங்களில் தங்கைக்குப் பொங்கல்படி கொண்டுவருவான்: அரிசி, வெல்லம், பனங்கிழங்கு, தோளில் கரும்புக் கட்டு. இந்த வருஷம் தோளில் ஒரு கயிறு மட்டும் இருந்தது.

"வாங்க மச்சான். உக்காருங்க."

"உக்கார வரல."

"தண்ணியாவது குடிங்க."

"உங்க வீட்டுத் தண்ணி எனக்கு இறங்காது மாப்ளே. நாயக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

குருநாதன் உள்முற்றத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"நாய் பொண்ணோட வந்தது. பொண்ணையே இல்லாம ஆக்கிட்டிய. நாய் மட்டும் எதுக்கு?"

"பிள்ளை அது இல்லாம சாப்பிட மாட்டா."

"அப்ப பிள்ளையையும் சேத்துத் தாரும்."

சுவருக்கு மேல் ஜுலைகா பீவியின் தலை தெரிந்தது. "ஏ தம்பி, நல்ல நாளும் அதுவுமா வாசல்ல நின்னு கத்தாதியோ. அணைக்கப் போன கைய்யி இது, பாரும்." முழங்கைவரை சுருங்கிப்போன தோலைக் காட்டினாள். "இந்தத் தம்பி அப்ப ஆபீசுலதான் இருந்துச்சு. நான்லா ஆள் விட்டுக் கூப்பிட்டேன்."

"நீங்க வரும்போது வெடிச்சு முடிஞ்சிருந்துச்சு. வெடிக்கதுக்கு முன்ன உள்ள யாரு இருந்தான்னு நீங்க பாத்தியளா?"

சுவருக்கு மேலிருந்து பீவியின் தலை இறங்கியது.

துரைப்பாண்டி கயிற்றில் சுருக்குப் போட்டபடி உள்முற்றத்துக்குப் போனான். சாம்பல் எழுந்திருக்கவில்லை. கோமதி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. புருவத்தை நெரித்து மாமனை முறைத்தாள். முருகம்மாள் முறைப்பது அப்படித்தான். துரைப்பாண்டி சுருக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு கயிற்றைத் தோளில் போட்டான்.

"கரிநாளைக்கு வேட்டைக்கு வாரும். நாயோட. எங்கய்யா சொல்லிவிட்டது அதுதான். ஊர் முன்னால பேசித் தீத்திருவோம்."

போகும்போது வாசலில் துப்பிவிட்டுப் போனான்.

*

பொங்கல் கழிந்து வரும் கரிநாளில் அந்தப் பக்கத்து ஊர்களில் ஆண்கள் எல்லோரும் நாய்களோடு வேட்டைக்கு இறங்குவார்கள். குருநாதன் மகளோடும் சாம்பலோடும் முதல் பஸ்ஸில் ஏறினான்.

"நாய்க்கு டிக்கெட் எடுக்கணும்," என்றார் கண்டக்டர்.

"எடுக்கேன்."

"அரை டிக்கெட்டா, முழுசா? வயசு என்ன?"

"என்னைவிடப் பெரியவ," என்றாள் கோமதி. பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டர் டிக்கெட்டே கிழிக்கவில்லை. குருநாதன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தான். பருத்தி வெடித்திருந்தது. நாய் போய்விட்டால் நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சோறு ஊட்டுவது என்பதைத் தவிர அவன் மனசில் வேறு ஒன்றும் இல்லை.

ஊர் முகப்பில் புளியமரம். அதன் அடியில் ஆட்கள் கம்புகளோடு கூடியிருந்தார்கள். இழுத்துப் பிடித்த நாய்கள் ஒன்றையொன்று பார்த்துப் பல்லைக் காட்டின. மாமனார் செல்லச்சாமி மெலிந்திருந்தார். பேத்தியின் தலையில் கை வைத்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

"நாய் யாருக்குன்னு ஒரு பேச்சு கிடக்கு. நானே சொல்லிருதேன். எம் பேத்தி வளருத வரைக்கும் நாய் அவ வீட்டுலயே நிக்கட்டும். மாத்துப் பேச்சு யாருக்கும் உண்டா?"

ஆட்கள் தலையாட்டினார்கள். துரைப்பாண்டி மட்டும் கம்பைத் தரையில் ஒரு குத்துக் குத்திவிட்டுக் காட்டைப் பார்த்து நடந்தான். குருநாதனுக்கு மூச்சு லேசாயிற்று. கோமதியை மரத்தடியில் மற்றப் பிள்ளைகளோடு விட்டுவிட்டுப் பின்னால் போனான்.

வேட்டை வெயில் ஏறும்வரை நடந்தது. வரிசையாக நின்று புதர்களை அடித்துக்கொண்டு போனார்கள். முதல் முயலை இரண்டு நாய்கள் ஆளுக்கொரு பக்கம் கவ்வின. அது நடுவில் கிழிந்தது. கிழிந்த பிறகும் முன்பாதி மண்ணைப் பிறாண்டியது. இன்னொன்று துரைப்பாண்டியின் காலுக்கிடையில் பாய்ந்தது. கம்பை இறக்கினான். முதல் அடியிலேயே செத்துவிட்டது. அவன் நிறுத்தவில்லை. மண்ணும் கறியும் கலந்து கூழாகும்வரை அடித்தான்.

"ஏ மக்கா, அது முயல்லே," என்றான் மூக்காண்டி. "உன் மச்சினன் இல்ல."

சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. குருநாதன் பத்தடி தள்ளித்தான் நின்றான்.

மூக்காண்டி ஊருக்குப் பங்கு வெட்டுகிறவன். கை கால் முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடுகிறவனும் அவன்தான்.

கடைசி முயல் சாம்பலுடையது. பெரிய கடுவன். உளுந்துக் காட்டைச் சுற்றி ஓடவிட்டு, ஓடையைத் தாண்டவிட்டு, மேட்டில் ஏறும்போது பிடித்தது. ஒரே உதறு. சுற்றி நின்றவர்கள் நாக்கைச் சப்புக் கொட்டினார்கள். செல்லச்சாமி, "எங்க வீட்டு ரத்தம்," என்றார்.

*

புளியமரத்தடியில் மூக்காண்டி அரிவாளோடு உட்கார்ந்தான். பங்குகள் விழுந்தன. முன்னங்கால் சந்து, பின்னங்கால் சந்து, விலா. ஊருக்குள் கம்பு பிடித்த எல்லா வீட்டுக்கும் ஒரு கூறு. சாம்பல் பிடித்த முயலை எடுத்தான். தலையைத் தனியாக வெட்டி ஆமணக்கு இலையில் வைத்தான்.

"தலை, பிடிச்ச நாய்க்காரனுக்கு!"

குருநாதன் வாங்கிக்கொண்டான். கண் திறந்தே இருந்தது. பக்கத்தில் துரைப்பாண்டி குத்தவைத்து உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குருநாதனுக்கு முருகம்மாள் நினைவு வந்தது. அண்ணன் வந்திருக்கும்போது முயல் சமைத்தால் சட்டியிலிருந்து முதலில் தலையைத்தான் எடுப்பாள். தட்டில் உடைத்து வைப்பாள். "எங்கண்ணனுக்கு மூளைன்னா உசிரு. இல்லாததைத்தானே கேப்பாங்க," என்று சொல்லிச் சிரிப்பாள். துரைப்பாண்டி அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத் தின்பான்.

மாமனார் நியாயம் சொல்லிவிட்டார். நாய் தன்னோடு வரப்போகிறது. இவனுக்கு எதையாவது கொடுக்கவேண்டும் என்று குருநாதனுக்குத் தோன்றியது. இலையோடு நீட்டினான்.

"மச்சான், இது உங்களுக்கு. அவ எப்பவும் உங்களுக்குத்தான் வைப்பா."

மூக்காண்டியின் அரிவாள் பாதியில் நின்றது. துரைப்பாண்டி நிமிர்ந்து குருநாதனின் முகத்தைப் பார்த்தான். கிண்டல் செய்கிறானா என்று பார்த்தான். பிறகு மெதுவாக எழுந்து இரண்டு கையாலும் தலையை வாங்கிக்கொண்டான்.

"என்ன காரியம் செஞ்சீரு கிளார்க்கையா," என்றான் மூக்காண்டி.

"என்ன?"

"நாயைக் குடுத்துட்டீரே வே."

அந்த ஊரில் நாயை விற்பதில்லை. கொடுப்பதுதான். கொடுக்கிறவன் அது பிடித்த முயலின் தலையை, குட்டியென்றால் தாய்நாய் பிடித்ததன் தலையை, பச்சையாக வாங்குகிறவன் கையில் வைப்பான். ஊர் பார்க்கும். அதோடு முடிந்தது. அதற்கு மேல் பேச்சும் கிடையாது, வாங்கினவனே தலையைக் கொடுத்தாலன்றித் திருப்பலும் கிடையாது. குருநாதனுக்குக் கல்யாணத்துக்கு மறுநாள் நினைவுக்கு வந்தது. கை கழுவ ஓடியதும்.

"எனக்குத் தெரியாது," என்றான். "மாமா, எனக்குத் தெரியாது."

செல்லச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். "நான் சொன்ன சொல்லுக்கு மேல நீரே குடுத்துட்டீரே மாப்ளே. நான் என்ன செய்ய?"

துரைப்பாண்டி முயல் தலையைக் கல்லின்மேல் வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தான். சாம்பலின் கழுத்தில் சுருக்கு விழுந்தது. கோமதி ஓடிவந்து நாயின் முதுகில் விழுந்தாள். அவன் அவளை ஒரு கையால் பிரித்துத் தள்ளினான். அவள் மண்ணில் உட்கார்ந்தாள். அப்போதும் அழவில்லை.

"மச்சான், விட்டிருங்க. தெரியாமக் குடுத்துட்டேன்."

"தெரியாதா? பி.ஏ. படிச்சிருக்கீரு, தெரியாதா?" முகத்தில் ஒரு அறை. "ஸ்டவ் வெடிக்கும்னும் தெரியாது." இன்னொன்று. "எந்தங்கச்சி வேகும்னும் தெரியாது." குருநாதன் மண்டியிட்டு விழுந்தான். துரைப்பாண்டி விலாவில் உதைத்தான். "என்னதாம்லே உனக்குத் தெரியும்? சொல்லு. என்ன செஞ்சே அவளை? சொல்லுலே!"

குருநாதனின் வாயில் மண்ணும் ரத்தமும். அவன் கையைத் தூக்கவில்லை. ஒவ்வொரு உதையும் வேறு யாருக்கோ விழுவதுபோல் இருந்தது. ஆட்கள் எழுந்து நின்றார்கள். குடும்பத்துச் சண்டை, யாரும் உள்ளே வரவில்லை.

நாலாவது உதைக்குக் கால் ஓங்கியபோது சாம்பல் பாய்ந்தது. சத்தமே இல்லை. துரைப்பாண்டியின் இடது முன்கையைக் கவ்வி உதறியது, முயலை உதறுவதுபோல். தசை பிய்ந்து தொங்கியது. அவன் அலறிக்கொண்டு கையை விடுவித்தான்.

"ஆளைக் கடிச்சிருச்சு," என்றான் யாரோ.

"சொந்தக்காரனைல்லா கடிச்சிருக்கு," என்றான் இன்னொருவன்.

அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். தன்னை வளர்ப்பவனை அடிக்கிறவனைக் கடித்தால் அது நல்ல நாய். வளர்ப்பவனையே கடித்தால் அதை உயிரோடு வைப்பதில்லை. இரண்டில் எது என்பது கல்லின்மேல் இருந்த தலையைப் பொறுத்தது.

"தலையத் திருப்பிக் குடுத்திருலே துரை," என்றார் செல்லச்சாமி. "கடிச்சது குத்தமில்லன்னு போயிரும்."

துரைப்பாண்டி கையில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தான். "மாட்டேன். தலை எனக்கு. நாய் எனக்கு. என்னைக் கடிச்சிருக்கு." கம்பை எடுத்தான்.

கயிறு புளியமரத்தின் வேரில் மாட்டியிருந்தது. சாம்பலால் ஓட முடியவில்லை. முதல் அடி பின்னங்காலில் விழுந்தது. நாய் கத்தியது. அது பிறந்ததிலிருந்து அப்படிக் கத்தி ஒருவரும் கேட்டதில்லை. கோமதி அப்போதுதான் அழுதாள். வாயை முழுக்கத் திறந்து, "யம்மா!" என்று கத்தினாள். அப்பா என்று கூப்பிடவில்லை.

குருநாதன் எழுந்தான். மூக்காண்டியின் அரிவாள் பக்கத்தில் கிடந்தது. அவன் கை அதன்மேல் ஒரு நொடி நின்றது. பிறகு அதைத் தாண்டிப் போய் வேட்டைக் கம்பு ஒன்றை எடுத்தது. துரைப்பாண்டியின் கம்பு இரண்டாம் முறை மேலே போயிருந்தது. குருநாதன் மணிக்கட்டில் அடித்தான்.

சத்தம் கேட்டது. காய்ந்த பருத்திமார்.

கம்பு விழுந்தது. துரைப்பாண்டி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். குருநாதன் தோளில் அடித்தான். முதுகில் அடித்தான். துரைப்பாண்டி சுருண்டு விழுந்தான். அவன்மேல் ஏறி உட்கார்ந்து, கம்பை எறிந்துவிட்டு முஷ்டியால் அடித்தான். மூக்கு உடைந்தது. தன் விரல் முட்டிகளும் உடைந்து ரத்தம் வருவது தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது தன் குரல் என்று மெல்லத்தான் புரிந்தது.

"ஆபீசுல இருந்தேன்! நான் ஆபீசுல இருந்தேம்லே! ஆபீசுலதாம்லே இருந்தேன்!"

மூக்காண்டியும் இன்னும் மூன்று பேரும் இழுத்துத்தான் பிரித்தார்கள். பிரித்த பிறகும் காலால் உதைத்தான். பிறகு ஓய்ந்து மண்ணில் உட்கார்ந்தான். விலா வலித்தது. உதடு வலித்தது. கை வலித்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே வலித்தன.

துரைப்பாண்டி மல்லாந்து கிடந்தான். முகமெல்லாம் ரத்தம். அவன் நெஞ்சு குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

"இதை அன்னைக்கே செஞ்சிருக்கணும்லா வே," என்றான். "சுடுகாட்டுல செருப்பால அடிச்சேன். அப்படியே நின்னீரு. குத்தம் இல்லாதவன் அப்படியா நிப்பான்? ஒரு அடி திருப்பிக் குடுத்திருந்தா அன்னைக்கே நம்பியிருப்பேன். ஒரு வருஷமா எனக்கு உறக்கம் கிடையாது தெரியுமா?"

குருநாதன் ரத்தத்தைத் துப்பினான்.

"வலிக்கல," என்றான். "அன்னைக்கு எனக்கு ஒண்ணும் வலிக்கல மச்சான்."

சாம்பல் காலை நக்கிக்கொண்டு முனகியது. துரைப்பாண்டி புரண்டு முழங்காலில் எழுந்தான். கல்வரைக்கும் அப்படியே போனான். முயல் தலையில் எறும்பு ஏறியிருந்தது. இடது கையால் எடுத்தான், ஊதினான், குருநாதனின் உள்ளங்கையில் வைத்தான்.

"இடது கையால குடுத்தா செல்லுமா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

"வலது கையைத்தான் அவரு ஒடிச்சிட்டாருல்லா," என்றார் செல்லச்சாமி. "செல்லும்."

*

மூக்காண்டி வீட்டு முற்றத்தில் மூங்கில் பத்தைகளும் உளுந்தமாவும் முட்டையும் தயாராக இருந்தன. கரிநாளில் எப்படியும் யாராவது முறித்துக்கொண்டு வருவார்கள்.

"யாருக்கு முதல்ல?" என்றான்.

"நாய்க்கு," என்றான் துரைப்பாண்டி.

மூக்காண்டி காலைத் தடவிப் பார்த்தான். கோமதி நாயின் முகத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கட்டி முடித்துவிட்டு மூக்காண்டி கையைத் துடைத்தான். "நடக்கும். ஓடாது. இனி வேட்டைக்கு ஆகாது." யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான். நாய் கடித்த புண்ணில் மஞ்சள் வைத்துத் துணி சுற்றினான். பிறகு துரைப்பாண்டி வலது கையை நீட்டினான். எலும்பை இழுத்துப் பொருத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வேலியைப் பார்த்தான். கட்டுப் போட்டு முடித்தபோது அவன் கையும் நாயின் காலும் ஒன்றுபோல் இருந்தன.

"ரெண்டும் ஒரே கட்டு," என்றான் மூக்காண்டி. "ஆனா நீ பச்சத் தண்ணியில குளிக்கக் கூடாது. அது குளிக்காது, எனக்குக் கவலையில்ல."

செல்லச்சாமியின் வீட்டில் சமைக்கப் பெண்கள் இல்லை. மாமியார் போய் வெகுகாலம். குருநாதன் முற்றத்தில் கல்லைக் கூட்டி விறகு வைத்தான். வீங்கிய விரல்களால் மிளகும் சீரகமும் அரைத்தான். வெங்காயம் உரித்தான். கொல்லையில் ஒரு கொத்துமல்லிப் பாத்தி இருந்தது. கோமதி கிள்ளிக்கொண்டு வந்தாள். கறி கொதித்தது. புகை நேராக மேலே போயிற்று. செல்லச்சாமி கம்பஞ்சோறு ஆக்கினார். காற்றில் பருத்தியின் காய்ந்த வாசம், அடுப்பிலிருந்து நல்லெண்ணெய் வாசம். வலிக்கிற உடம்போடு குந்தி உட்கார்ந்து சட்டியைக் கிண்டுவது நன்றாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததைக் கவனித்துவிட்டு அவன் கரண்டியால் வேகமாகக் கிண்டினான்.

இலை போட்டாயிற்று. சாம்பலைச் சாக்கில் தூக்கிவந்து கோமதிக்கு எதிரே படுக்கவைத்தார்கள். குருநாதன் சட்டியிலிருந்து முதலில் தலையை எடுத்தான். கல்லில் தட்டி உடைத்தான். துரைப்பாண்டியின் இலையில் வைத்தான்.

துரைப்பாண்டி பின்வாங்கினான். "தலை நாய்க்காரனுக்கு வே. மறுபடியும் ஆரம்பிக்காதியும்."

"அது பச்சைத் தலை. இது சமைச்சது," என்றான் குருநாதன். "இதை அவ உங்களுக்குத்தான் வைப்பா."

துரைப்பாண்டி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை மூங்கிலுக்குள் இருந்தது. இடது கையைச் சோற்றில் வைக்க மனசில்லை. கோமதி ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். சாம்பலுக்கு ஒரு வாய் போனது. அடுத்த வாய் அப்பாவின் கையில் வந்தபோது அவள் வாயை மூடிக்கொண்டு மாமனைக் கைகாட்டினாள்.

குருநாதன் அந்தச் சோற்றில் மூளையைப் பிசைந்தான். நீட்டினான். துரைப்பாண்டியின் மூக்கு வீங்கி ஒரு கண் மூடிப்போயிருந்தது. மற்றக் கண்ணால் குருநாதனின் விரல் முட்டிகளைப் பார்த்தான். தோல் உரிந்திருந்தது. வாயைத் திறந்தான். மெதுவாக மென்றான். தாடையில் அடிபட்ட இடம் வலித்திருக்கவேண்டும்.

"உப்பு கம்மி," என்றான்.

"எப்பவுமே கம்மிதான் மாமா," என்றாள் கோமதி.

குருநாதன் விரலைக் குழம்பில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். கம்மிதான்.

"உப்பு எங்கன இருக்கு மாமா?" என்று செல்லச்சாமியைக் கேட்டான்.

"உள்ள, எம்மக வச்ச இடத்துலதான் இருக்கு."

எடுக்க எழுந்து உள்ளே போனான்.